பழைய நிரலுக்கு நிறம்: பதிவேடா, இடைச்செருகலா, மூலநிரல் திருத்தமா?

விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் பழைய நிரல் ஒன்றை ஓட்டுகிறீர்கள். சிவப்பில் வரவேண்டிய பிழைச்செய்திக்கு முன்னால் இடப்பக்க அம்பு, சதுர அடைப்பு, 31, ‘எம்’ என்று குப்பை விழுகிறது. நிரல் சரியாகத்தான் எழுதுகிறது. 27ஆம் எண் எழுத்தில் தொடங்கும் அந்தத் தொடரை நிறக் கட்டளையாகப் படிக்கச் சாளரத்துக்கு யாரும் சொல்லவில்லை.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் கான்ஃபிக்.சிஸ் என்ற அமைப்புக் கோப்பில் ஆன்சி.சிஸ் என்ற இயக்கியைச் சேர்த்தால் போதும். 16-பிட் நிரல்களோடு அந்த வழி முடிந்தது. 64-பிட் விண்டோஸில் அவை ஓடுவதே இல்லை.

விண்டோஸ் 7 போன்ற பழைய கணினிகளுக்கு ஆன்சிகான் என்ற இடைச்செருகல் நிரல் உண்டு. ஓடும் நிரலுக்குள் தன் டிஎல்எல் (துணைநிரல்) கோப்பை நுழைத்து, திரைக்குப் போகும் எழுத்துகளை வழியிலேயே பிடித்து நிறமாக மாற்றுகிறது. வேறு வழியில்லாத இடத்தில் இது பெரிய உதவி. ஆனால் இன்னொரு நிரலுக்குள் நுழையும் எதையும் வைரஸ் தடுப்பான்கள் சந்தேகிக்கும்.

விண்டோஸ் 10-க்கு அது தேவையில்லை. 2015-இல் வந்த 1511 பதிப்பிலேயே கன்சோல், அதாவது கட்டளைச் சாளரம், இத்தொடர்களைப் புரிந்துகொண்டது. 2016-இன் 1607 பதிப்பிலிருந்து நிரல் தானே கேட்டால்தான் அந்த வசதி கிடைக்கும். பழைய நிரல் எங்கே கேட்கப்போகிறது? அதற்காகத்தான் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் பதிவேட்டின் (ரெஜிஸ்ட்ரி) வழி: அதில் நடப்புப் பயனரின் ‘கன்சோல்’ கிளையில் ‘விர்ச்சுவல்டெர்மினல்லெவல்’ என்ற டீவேர்ட் (எண் வகை) மதிப்பை 1 ஆக்கிவிட்டுப் புதிய சாளரம் திறக்க வேண்டும். எளிது; ஆனால் அந்தப் பயனரின் எல்லாக் கன்சோல் நிரல்களுக்கும் பொருந்தும். 27ஆம் எழுத்தை அம்புக்குறியாகவே திரையில் வரைந்த நிரல்கள் உண்டு. அவற்றில் அம்பு மறையும், அடுத்த எழுத்துகள் சிலவும் சேர்ந்து போகலாம்.

மூலநிரல் கையில் இருந்தால் நான் வேறெதையும் தொடமாட்டேன். விண்டோஸ் தரும் கெட்கன்சோல்மோட் என்ற செயற்கூறு வழியாகக் கன்சோலின் இப்போதைய நிலையைப் படித்து, நிறத் தொடர்களைப் படிக்கச் சொல்லும் 4 என்ற பிட்டைச் சேர்த்து, செட்கன்சோல்மோட் வழியாகத் திரும்ப எழுதினால் போதும். வெளியேறும்போது பழைய நிலையை மீட்டுவைப்பதும் அவசியம். அந்த நிலை நிரலுக்குரியது அன்று, அடுத்த நிரலும் பயன்படுத்தப்போகும் திரைக்குரியது.

இந்த வழியை நான் வலியுறுத்த இன்னொரு காரணம் உண்டு. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் கெட்கன்சோல்மோட் தோல்வியடையும். அதை வைத்தே நிறத் தொடர்களை எழுதாமல் விட்டுவிடலாம். பதிவேட்டையோ ஆன்சிகானையோ நம்பினால், அதே குப்பை பதிவுக்கோப்புகளில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும்.