மூடிய ஜாடிக்கு மெத்தைப் பாசியா, படர் பாசியா?

கண்ணாடி ஜாடிக்குள் தோட்டம் வைக்கப் பாசியைப் (moss) பெயர்த்து எடுக்கும் முன் 10 மடங்கு கைலென்ஸில் பாருங்கள். தண்டுகள் நெருக்கமாக, நேராக நின்று, வித்துப்பையின் (தூள் போன்ற வித்துகள் இருக்கும் சிறு பை) காம்பு தண்டு நுனியிலிருந்து கிளம்பினால் மெத்தைப் பாசி. தண்டு தரையோடு ஊர்ந்து கிளைத்து, காம்பு பக்கவாட்டில் முளைத்தால் படர் பாசி. காம்பில்லாத பருவத்தில் கிளைக்கும் விதத்தை மட்டும் நம்ப வேண்டியதுதான்.

மூடி போட்ட ஜாடிக்குத் தயங்காமல் படர் பாசியை எடுக்கலாம். ஓயாத ஈரத்தைத் தாங்கும். கிள்ளிய துண்டுகளை ஈர மண்ணில் அழுத்தினாலே பற்றிக்கொள்ளும். அடியில் காற்றிடைவெளி விழுந்தால்தான் பற்றாமல் காய்ந்து பழுப்பாகும். எனவே முதல் சில வாரம் தினமும் விரலால் லேசாக அழுத்திவிடுங்கள்.

மெத்தைப் பாசி கண்ணுக்கு இன்னும் அழகு, அந்த உருண்டை வடிவத்துக்கு ஈடில்லை. ஆனால் வளர்ச்சி மிக மெதுவு. நனைவதும் உலர்வதும் மாறி மாறி வேண்டும். எந்நேரமும் ஊறிக்கிடந்தால் நடுப்பகுதி கருத்து அழுகும். திறந்த ஜாடியே அதற்குச் சரி.

இரண்டுக்கும் உண்மையான வேர் கிடையாது, இலை வழியேதான் நீர் குடிக்கும். குழாய்நீரின் உப்பு இலைமேல் படிந்து நுனியைக் கருக்கும், மழைநீரைத் தெளியுங்கள். உரம் வேண்டாம்.