.30-06 ரைஃபிளின் உதைப்பைக் குறைக்க: நீண்ட கால உபயோகத்தில் எது உழைக்கிறது

.30-06 தோட்டா 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது. இன்றும் அந்த நாட்டு மான் வேட்டைக்காரர்கள் பலர் கையில் இருப்பது அதுதான். 8 பவுண்டு ரைஃபிளில் 180 கிரெய்ன் எடையுள்ள குண்டு வினாடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்பினால் தோளுக்கு வரும் உதைப்பு, அதாவது ரைஃபிள் பின்னோக்கி இடிக்கும் ஆற்றல், சுமார் 20 அடி-பவுண்டு. அதே தோட்டாவை 7 பவுண்டு ரைஃபிளில் போட்டால் 23 ஆகிவிடும். மெலிந்த உடம்புக்காரர், தோளில் அறுவை செய்துகொண்டவர், புதிதாகப் பழகும் இளையவர் எனப் பலருக்கு இது தாங்காது. வலியைவிடப் பெரிய கேடு அதற்குப் பிறகு வருகிறது: வெடிக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும், விரல் விசையை வெடுக்கென்று இழுக்கும், குண்டு வயிற்றில் பட்டு மான் காயத்தோடு காட்டுக்குள் போய்விடும். உதைப்பைக் குறைப்பது சொகுசுக்காக அல்ல, மானுக்குச் செய்ய வேண்டிய கடமை.

முதலில் தோட்டாவை மாற்றுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம். ரெமிங்டனின் மேனேஜ்ட் ரீக்காயில், ஹார்னடியின் கஸ்டம் லைட் போன்ற மென்சுமைத் தோட்டாக்களில் 125 கிரெய்ன் குண்டு 2,700 அடியை ஒட்டிய வேகத்தில் போகும். 8 பவுண்டு ரைஃபிளில் உதைப்பு 10 அடி-பவுண்டுக்கு இறங்கும், அதாவது சரிபாதி. குறைந்த வேகத்திலும் விரியும்படி செய்த குண்டு என்பதால் 200 கஜம் வரை வெள்ளைவால் மானுக்குத் தாராளமாகப் போதும். இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். 180 கிரெய்னுக்குச் செட் செய்த ஸ்கோப்பில் இந்தக் குண்டு அதே இடத்தில் விழாது. 100 கஜத்தில் மறுபடி செட் செய்தே ஆக வேண்டும். அடுத்தது, சீசன் நெருங்கும்போது கடைகளில் இது கிடைப்பது அரிது. பயிற்சிக்கும் வேட்டைக்கும் சேர்த்து முன்னதாகவே வாங்கி வைப்பது நல்லது.

தோட்டாவைத் தாங்களே அடைப்பவர்களுக்கு ஹாட்ஜ்டன் நிறுவனமே சொல்லியிருக்கும் வழி உண்டு. எச்4895 என்ற வெடிமருந்துக்கு அந்தக் குண்டின் பட்டியலில் உள்ள உச்ச அளவை 100 என்று வைத்தால், 60 வரை இறங்கலாம், அதற்குக் கீழே போகக் கூடாது. இது அந்த மருந்துக்கு மட்டும் பொருந்தும். எச்4831 மாதிரி மெதுவாக எரியும் மருந்தைப் பாதிக்குக் குறைத்தால் அழுத்தம் கணிக்க முடியாதபடி எகிறும், ரைஃபிளே உடையலாம். அந்தச் சோதனையை யாரும் செய்ய வேண்டாம்.

புதிதாக ரைஃபிளே வாங்கப் போகிறவர் .30-06 பக்கம் போகவே தேவையில்லை. 8 பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் மற்ற தோட்டா வகைகளின் உதைப்பு இப்படி: .243 சுமார் 9 அடி-பவுண்டு, 6.5 க்ரீட்மூர் 12, 7எம்எம்-08 சுமார் 13. மூன்றும் மானுக்குப் போதும். எங்கள் தேர்வு 7எம்எம்-08.

அடுத்தது, ரைஃபிளைத் தோளில் வைக்கும் கட்டையின் முனையில் பொருத்தும் ரப்பர் பேட். கட்டையின் நீளத்தைக் கணக்கில் எடுக்காமல் பேட் வாங்குவதுதான் எங்கும் நடக்கும் தவறு. விசையிலிருந்து கட்டையின் முனை வரை பெரும்பாலான ரைஃபிள்களில் 13.5 முதல் 13.75 அங்குலம் இருக்கும். உறை மாதிரி மாட்டும் பேட் இதில் ஏறக்குறைய 1 அங்குலத்தைக் கூட்டும். அமெரிக்காவின் குளிர் மாநிலமான விஸ்கான்சினில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன் நவம்பர் கடைசியில். தடித்த குளிர்கோட்டையும் போட்டுக்கொண்டு அந்த நீளத்தைத் தூக்கினால் பேட் கோட்டில் மாட்டும், கழுத்து நீளும், ஸ்கோப்பில் படம் பாதிதான் தெரியும். கட்டை தோள்குழியில் உட்காராமல் மேற்கைப் பக்கம் நழுவி நிற்கும். அப்படி நின்றால் எந்தப் பேட்டும் உதவாது. கோட்டைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். தேவைப்பட்டால் கட்டையை அறுத்து, 1 அங்குலப் பேட்டைத் திருகிப் பொருத்துங்கள். லிம்ப்சேவர், பாக்மேயர் டிசெலரேட்டர் என்ற பேட்கள் இரண்டுமே இதற்கு ஏற்றவை.

பொருத்தும்போது நான்கு நுணுக்கங்கள். அறுக்கும் கோட்டின் மேல் மறைப்பு நாடாவை இறுக்கமாகச் சுற்றினால் மர விளிம்பு சிதறாது. பழைய திருகு ஓட்டை புதியதோடு பொருந்தாவிட்டால் கடின மரக் குச்சியை எபாக்ஸி தடவி அடைத்து, காய்ந்த பின் துளையிடுங்கள். பேட்டின் பின்பக்க ரப்பரில் திருகு நுழையச் சிறு கீறல் இருக்கும். திருகிலும் திருப்புளியின் தண்டிலும் வாசலைன் தடவி இறக்கினால் ரப்பர் கிழியாது, எடுத்த பின் ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். கட்டையின் வடிவத்துக்குத் தேய்க்க வேண்டியிருந்தால் பேட்டை முதலில் ஃப்ரீசரில் வைத்துக் கெட்டியாக்குங்கள். மென்ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தால் தேய்ப்பானில் உருளும், விளிம்பு அலை அலையாக வரும்.

மென்ரப்பருக்கு ஆயுள் உண்டு. வெயிலில் நிற்கும் காருக்குள் கிடந்தாலும், குழல் துடைக்கும் கரைப்பான் பட்டாலும் சில ஆண்டுகளில் பிசுபிசுக்கத் தொடங்கும். ரைஃபிளைப் பேட்டின் மேல் பாரம் விழ அலமாரியில் நிறுத்தினால் ஒரு பக்கம் அமுங்கி அப்படியே நின்றுவிடும்.

எடை கூட்டுவது எளிது. 7 பவுண்டில் 1 பவுண்டு ஏற்றினால் உதைப்பு எட்டில் ஒரு பங்கு குறையும். உள்ளே கூடாக இருக்கும் பிளாஸ்டிக் கட்டையில் ஈயச் சில்லுகளைப் பையில் கட்டி, ஆடாதபடி நுரையால் அடைத்தால் போதும். பரண் மேல் உட்கார்ந்து வேட்டையாடுபவருக்கு இந்த எடை ஒரு பொருட்டே அல்ல. மலையேறுபவர் யோசித்துச் செய்யட்டும்.

குழல்முனையில் மாட்டும் மசில் பிரேக் உதைப்பை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைக்கும் என்பது உண்மை. ஆனாலும் உதைப்புக்கு அஞ்சுபவருக்கு நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். வாயு பக்கவாட்டில் பீறிடுவதால் சத்தமும் காற்றடியும் சுடுபவர் முகத்தை நோக்கியே வரும். கண் மூடும் பழக்கத்துக்கு உதைப்பு எவ்வளவு காரணமோ, சத்தமும் அவ்வளவு காரணம். காதுக்காப்பு இல்லாமல் ஒரே ஒரு முறை சுட்டாலும் காது கேட்கும் திறன் நிரந்தரமாகக் குறையலாம். பக்கத்தில் நிற்கும் துணைக்கும் அதே கதி. குழல்முனையில் மாட்டும் சத்தம் குறைப்பானான சப்ரஸர் உதைப்பையும் சத்தத்தையும் சேர்த்தே குறைப்பதால் அதுவே மேல். அமெரிக்காவில் அதற்கு இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் இல்லை. பதிவும் ஒப்புதலும் அப்படியே தொடர்கின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் தனியார் வைத்திருக்கவே தடை.

பயிற்சித் தளத்தில் வலி கூடுவதற்கு மேசையே காரணம். குனிந்து உட்கார்ந்தால் உடம்பு பின்னால் போக வழியில்லாமல் முழு அடியும் தோள் எலும்பில் இறங்கும். ரைஃபிள் தாங்கியை உயர்த்தி, முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். ஸ்கோப்பைச் செட் செய்ய மட்டும் மேசை, மற்றதெல்லாம் நின்றோ முட்டிபோட்டோ சுடலாம். பாரம் ஏற்றும் லெட் ஸ்லெட் மாதிரித் தாங்கிகளில் ஈய மூட்டைகளை அடுக்கி ரைஃபிளை அசையவிடாமல் செய்தால், தோள் தப்பும், அந்த அடியைக் கட்டை வாங்கும். மரக்கட்டை பிடிப்பகுதியில் பிளப்பது இப்படித்தான். பாரத்தைக் குறைத்துத் தாங்கி சற்று நகரும்படி விடுங்கள்.

காதில் நுரை அடைப்பு, அதன் மேல் காதுக்கவசம், இரண்டும் வேண்டும். ஒரு நாளைக்குப் பெரிய ரைஃபிளில் 10 தோட்டாவுக்கு மேல் வேண்டாம், மீதிப் பயிற்சி உதைப்பு மிகக் குறைந்த .22 ரைஃபிளில் நடக்கட்டும். அஞ்சும் பழக்கம் போயிற்றா என்று பார்க்க, துணைக்கு நிற்பவர் சுடுபவருக்குத் தெரியாமல் சில முறை நிஜத் தோட்டாவும் சில முறை போலித் தோட்டாவும் ஏற்றித் தரட்டும். போலித் தோட்டாவில் விசை விழும்போது குழல்முனை கீழே குத்தினால் பழக்கம் இன்னும் போகவில்லை. அன்று பெரிய ரைஃபிளை மூடி வைத்துவிட்டு .22-க்குத் திரும்புங்கள்.