பொம்மைய அடிச்சுத் தூக்குன ஆட்டோமேட்டிக் பிரேக்

புது கார் எடுத்து நாலு மாசமாச்சுங்க, ஷோரூம்காரரு "எதுக்க ஆள் வந்தா வண்டி தானா நின்னுக்கும் சார்"னு அளந்துவுட்டாரு, சரி பாத்துருவோம்னு போன ஞாயித்துக்கெழம பல்லடம் பக்கம் ஒரு காலி லேஅவுட்டுக்கு நானும் என்ற மச்சானும் போனோம். திருப்பூர்க்காரனுக்கு பனியன் வேஸ்ட்டுக்கா பஞ்சம், அதைய அடைச்சு ஒரு பொம்ம, லுங்கி கட்டி நட்டமா நிறுத்தியாச்சு.

20ல போனேன், பீப் சத்தம் கூட இல்ல, பொம்ம பானெட் மேல. அட கெரகமே! அப்பறம் 30ல, அதே கததான்.

ரெண்டு ஸ்டார் போடலாம்னு வந்து ஒக்காந்து படிச்சாத்தான் தெரியுது, தப்பு நம்மமேலயும் இருக்குதுங்க. யூரோ என்கேப்னு ஐரோப்பாவுல காருங்களுக்கு பாதுகாப்பு ஸ்டார் குடுக்கறவங்க, ஆளுக்கு நிக்குதான்னு 2016ல இருந்தே டெஸ்ட் பண்றாங்க, ஆனா அவங்க பொம்மைக்கு கால் நெசமாவே ஆடும், ரேடாருக்கு மனுசனாட்டமே தெரியறாப்புல செஞ்சிருக்காங்க. நிறுத்துன காருக்குப் பின்னால இருந்து கொழந்த ஓடியாற மாதிரி கூட வெச்சுப் பாக்கறாங்க. நம்முளுது சும்மா துணிமூட்ட, கேமராவுக்கு அது ஆளாவே படல போல.

நெச ரோட்டுல? அவிநாசி ரோட்டுல முன்னால போன மினிபஸ் சடார்னு நின்னப்ப, நான் கால வெக்கறதுக்குள்ள அதுவே அமுக்கிருச்சு, மச்சான் கைல இருந்த டீ பூரா டேஷ்போர்டுல. ஆனா ஒரு நாள் ஒண்ணுமேயில்லாத பாலத்துக்கு அடியிலயும் படக்குனு புடிச்சுது, பின்னால வந்த லாரிக்காரரு வஞ்சத இங்க எழுத முடியாதுங்க.

மூணரை ஸ்டார்.