செட்டிநாட்டு வீடுகளுக்குள் அழைத்துப் போகிறோம் என்று முன்பணம் கேட்டால் கவனம்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள், யாருக்காவது பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். "யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், ஐந்து அரண்மனைகள், உள்ளே போக அனுமதி உண்டு" என்ற விளம்பரத்தை நம்பி, ஆளுக்கு 3,500 ரூபாய் முன்கூட்டியே கட்டினோம். முதல் வரியே பொய். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில்தான், அதாவது பரிசீலனைக்குக் காத்திருக்கும் இடங்களின் பட்டியலில்தான், சேர்க்கப்பட்டன.

கானாடுகாத்தான் அரண்மனை வாசல் பூட்டியிருந்தது. "இன்னைக்கு மட்டும்தான் சார்" என்றார் வழிகாட்டி. அது குடும்பத்தாரின் சொந்த வீடு, வெளியாட்களை உள்ளே விடுவதில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டையும் தெருவில் நின்றுதான் பார்த்தோம்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. ஒரு கிராமத்தில் பின்தெருக் கதவுக்கு எங்களைக் கூட்டிப்போய், காவல்காரர் கையில் ஏதோ பணத்தைத் திணித்து உள்ளே அனுப்பினார் வழிகாட்டி. அடுப்படியைத் தாண்டி, வீட்டின் நடுமுற்றமான வளவுக்கு வந்தால், அங்கே குடும்பமே கூடியிருக்கிறது. முன்னோருக்குப் படைப்பு. புதுச் சேலையும் வேட்டியும் வைத்து, இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?" என்றார் வயதான ஆச்சி ஒருவர்.

"அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன் ஆச்சி" என்றபடியே வழிகாட்டி நழுவிவிட்டார். எந்த அண்ணனிடமும் சொல்லவில்லை. என் அம்மா கூனிக் குறுகி நின்றார். விஷயம் தெரிந்ததும் அந்த ஆச்சியே எங்களை முகப்புத் திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தனுப்பினார். அவர்கள் வீட்டைச் சுற்றிப்பார்க்கும் அனுமதியை அவர்களுக்கே தெரியாமல் விற்றிருக்கிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்றால், ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் அவர்கள் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), படைப்பு என்றால்தான் ஊருக்கு வருவார்கள். மற்ற நாளில் காவல்காரர் மட்டும்தான். அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது.

மீதி இரண்டு வீடுகளுக்குப் பதிலாக ஒரு டைல்ஸ் கடை. இந்த வீடுகளின் தரையில் பதிக்கும் "ஆத்தங்குடிக் கல்" என்று காட்டியதெல்லாம் சூளையில் சுட்ட, மேலே பளபளப்புப் பூசிய டைல்ஸ். அசல் ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதே கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, அதில் கையால் சாயக்கலவை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். வழவழப்பு அந்தக் கண்ணாடியால் வருவது. வாங்கும் முன் கல்லைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் சிமெண்டாக இருக்க வேண்டும். ஆத்தங்குடியில் பட்டறைக்கே போனால் கண்ணெதிரே செய்து காட்டுவார்கள்.

இனி போகிறவர்கள் முன்பணம் கட்டும் முன் வீட்டின் பெயரையும் ஊரையும் எழுத்தில் கேளுங்கள், உள்ளே போக அனுமதி தந்தவர் யார் என்றும் கேளுங்கள். "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். ஆத்தங்குடியில் கட்டணம் வாங்கிக்கொண்டு முறையாகத் திறந்துவைத்திருக்கும் வீடு இருக்கிறது. விடுதியாக மாறிய பழைய வீடுகளும் உண்டு, அங்கே தங்கினால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம். பிள்ளையார்பட்டி, இளையாத்தங்குடி கோயில்களுக்கு எந்த இடைத்தரகரும் வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "வீடு பாத்தீங்கல்ல சார், அப்புறம் என்ன?" என்றார்கள். விளம்பரப் படத்தையும் பணம் கட்டிய ரசீதையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் நீங்களும் பதியுங்கள். அந்தப் பின்கதவு வழியாக இன்னொரு கூட்டம் போகக் கூடாது.