405 கிரெய்ன் ஈயச் சன்னம்: எட்டு வருடம் வார்த்துச் சுட்ட பிறகு எழுதுவது

போன ஞாயிறு ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து இளைய மச்சான் போன் எடுத்தான். 45-70 என்ற தோட்டா போடும் லீவர் துவக்கு ஒன்று வாங்கியிருக்கிறானாம், நான் அங்கே எருமை வேட்டைக்குச் செய்ததுபோல ஈயம் உருக்கித் தானே சன்னம், அதாவது துவக்குக் குண்டு, வார்க்கலாமா என்று கேட்டான். வெள்ளவத்தை வீட்டு பல்கனியில் நின்று முக்கால் மணி நேரம் கதைத்தேன், கீழே ரயில் போகும்போதெல்லாம் பேச்சு அறுந்தது. அதனால் அங்கே இருந்த காலத்துக் கொப்பியை எடுத்துவைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

405 கிரெய்ன் என்றால் 26 கிராம். அமெரிக்க இராணுவம் 1873இல் இந்த 45-70 தோட்டாவை எடுத்தபோது இருந்த அதே எடை. என் சன்னத்தின் வேகம் வினாடிக்கு 1,500 அடிக்குக் கொஞ்சம் மேலேதான். ஆனால் மூக்குத் தட்டையான அந்தச் சன்னம், திமோர்ப் பக்கத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வட ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்து விடப்பட்டுக் காட்டோடு போன எருமையின் தோளில் புகுந்து மறுபக்கத்தால் வெளியே போய்விடும். வேகமான செப்புறைச் சன்னம் பட்ட இடத்தில் இறைச்சி இரத்தம் கட்டிக் கறுத்துக் கிடக்கும், பாதித் தோளை வெட்டி எறிய வேண்டும். இதில் ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சம் வெட்டினால் போதும். இதற்காகவே நான் இதை விரும்பினேன்.

ஆனால் குழலில் ஈயம் ஒட்டுமே, அதுதான் என்னைக் கொன்றது. 100 மீற்றரில் முதல் சில சூடுகள் உள்ளங்கை அளவுக்குள் விழும், பதினைந்தாவது சூட்டில் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குப் பரவிவிடும், அப்புறம் பிரஷ்ஷில் செப்புக் கம்பிநார் சுற்றிச் சுரண்ட ஒரு முழுப் பின்னேரம். ஈயம் மென்மை, இறுக்கமாக்கு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஈயத்தை இறுக்கும் உலோகமான அந்திமனி கூட்டினேன், அச்சிலிருந்து சூட்டோடு தண்ணீரில் போட்டேன். ஒட்டுவது குறையவில்லை. அதோடு சன்னம் நொறுங்கும் தன்மைக்கு வந்து, ஒரு எருமையின் தோள் எலும்பில் மூக்கு உடைந்து நின்றுவிட்டது. கோரைக்குள் இரண்டு மணி நேரம் தேடித்தான் அதை முடித்தோம். அந்த மிருகம் பட்ட வேதனையை நினைத்தால் இன்றும் வயிறு பிசைகிறது.

மூன்றாம் வருடம்தான் குழலை அளந்தேன். தூண்டிலுக்குக் கட்டும் மென்மையான ஈயக் குண்டை எண்ணெய் பூசிக் குழலுக்குள் தட்டி மறுபக்கம் எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்தால் 0.459 அங்குலம். என் சன்னம் 0.4575. அந்த இடைவெளியால் சூடான வாயு பாய்ந்து, ஈயத்தின் ஓரத்தை உருக்கிக் குழலில் பூசிக்கொண்டிருந்திருக்கிறது. அளவு சரி, அளவு சரி என்று அச்சை விற்றவர் எத்தனை தடவை சொன்னார்! அவர் சொன்ன அளவு வெள்ளீயமும் அந்திமனியும் அதிகமாகச் சேர்ந்த கலவைக்கு. நான் வார்த்தது ரயர் கடையில் வாங்கிய, வாகனச் சக்கரத்தைச் சமப்படுத்தப் பொருத்தும் ஈய எடைக்கட்டி, அது ஆறும்போது அதைவிட அதிகம் சுருங்கும். வாங்கும்போதே இதைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? லேத் வேலைக்காரர் ஒருவரிடம் கொடுத்து அச்சைச் சற்றே பெருப்பித்தேன், சன்னம் 0.460க்கு வந்தது. அதன் பிறகு அறுபது சூடு சுட்டாலும் துணியை இரண்டு தரம் இழுத்தால் குழல் பளபளக்கும்.

எடைக்கட்டிகளில் இப்போது துத்தநாகக் கட்டிகளும் கலந்து வருகின்றன. ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும், துத்தநாகம் 419இல். சட்டியை அவ்வளவு சூடாக்காமல் வைத்திருந்தால் துத்தநாகம் மேலே மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம். உருகிக் கலந்துவிட்டால் அச்சு ஒழுங்காக நிரம்பாது.

மச்சானுக்கு என் பதில், வேண்டாம். கடைத் தோட்டாவே வாங்கு. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், கராஜுக்குள் ஈயப் புகை கூடவே கூடாது. அதைவிட, ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்காக எனக்கு மூன்று வருடம் போனது, இன்னும் ஆறவில்லை. போனை வைக்கும் முன் ஒன்று மட்டும் சொன்னேன். கராஜ் அலுமாரியில் நான் விட்டுவந்த அச்சை ஒருவருக்கும் கொடுக்காதே, இரும்பு, மழைக்காலம் தொடங்கும் முன் எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வை, ஜூனில் நான் வருகிறேன்.