ஓயோ: மன்னரை விலக்கிய எழுவரும் ஆளுநரை விலக்கும் சட்டமும்

யொரூபா மக்களின் ஓயோ பேரரசில் அலாஃபின் என்ற மன்னரைத் தேர்ந்தெடுத்தது ஓயோ மேசி. ஏழு பெருங்குடித் தலைவர்கள், அவர்களுக்குத் தலைவர் பஷோருன். தேர்ந்தெடுத்த அதே அவை மன்னரை விலக்கவும் செய்தது. வெற்றுச் சுரைக்குடுவையோ கிளி முட்டைகளோ அரண்மனைக்கு வந்தால், மன்னர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய நைஜீரியாவின் ஓயோ மாநிலத்தில், மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆளுநரை விலக்க 1999 அரசியல் சட்டத்தின் 188ஆம் பிரிவு இருக்கிறது. மாநிலச் சட்டமன்றத்தின் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் புகாரில் கையெழுத்திட வேண்டும். விசாரிக்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். தலைமை நீதிபதி அமைக்கும் குழு விசாரிக்கும். அதிலும் ஏழு பேர்தான்.

பழைய முறையில் நான் வியப்பது, தடுப்பவர்களுக்கும் கடிவாளம் இருந்ததை. எழுவரில் ஒருவரான சாமு, மன்னர் இறந்தால் தானும் இறக்க வேண்டியவர். மன்னரை விலக்கும் முடிவுக்கு ஓக்போனி என்ற மூத்தோர் சங்கத்தின் இசைவும் தேவைப்பட்டது. அவசரப்பட எவருக்கும் மனம் வராது.

ஆனாலும் அது உடைந்தது. 1754 முதல் 1774 வரை பஷோருன் காஹா அடுத்தடுத்து மன்னர்களைச் சாகவைத்து, நாட்டைத் தன் கைக்குள் வைத்திருந்தார். கடைசியில் அலாஃபின் அபியோதுன் படைபலத்தால்தான் அவரை வீழ்த்த முடிந்தது. அநியாயமாக மாண்ட மன்னர்களுக்கு மேல்முறையீடு ஏது?

ரஷிதி லடோஜாவுக்கு இருந்தது. 2006 ஜனவரியில், 32 உறுப்பினர்களில் 18 பேர் மாநிலத் தலைநகர் இபாதானின் ஒரு ஹோட்டலில் கூடி, ஆளுநராக இருந்த அவரை விலக்கினார்கள். மூன்றில் இரண்டு பங்கு என்றால் குறைந்தது 22 பேர் வேண்டும். அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என உறுதிசெய்தது. லடோஜா பதவிக்குத் திரும்பினார். இந்த ஒரு காரணத்துக்காகவே என் வாக்கு புதிய முறைக்கு. தவறைத் திருத்தும் வழி அதில் இருக்கிறது.

ஓயோ மேசி இன்றும் இருக்கிறது, பல் பிடுங்கப்பட்ட நிலையில். 2022இல் அலாஃபின் மூன்றாம் லாமிதி அதெயெமி மறைந்தபின் அவர்கள் தேர்ந்தவரை மாநில அரசு ஏற்கவில்லை. 2025 ஜனவரியில் ஆளுநர் மகிண்டே வேறொருவரை நியமித்தார். மன்னரைக் கட்டுப்படுத்திய அவையை இப்போது ஆளுநர் கட்டுப்படுத்துகிறார். அவரைத் தடுக்க வேண்டிய சட்டமன்ற உறுப்பினர்களோ, அடுத்த தேர்தலில் சீட்டுக்குக் கட்சியை நம்பியிருப்பவர்கள்; மாநிலக் கட்சியில் பெரும்பாலும் ஆளுநர் சொல்தான் எடுபடும். பழைய முறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சாமுவின் மரணம் அல்ல, அவர் மீதிருந்த பொறுப்பு. 188ஆம் பிரிவில், சட்டத்தை மீறி ஆளுநரை விலக்கும் உறுப்பினருக்கு எந்தத் தண்டனையும் சொல்லப்படவில்லை.