மாணவர்களுக்கான தொழில்முனைவு கோர்ஸ்: மூன்றாவது வாரத்துக்காகச் சேரலாம்

விடுமுறையில் சும்மா இருக்க வேண்டாமே என்று மாணவர்களுக்கான ஆறு வார ஆன்லைன் தொழில்முனைவு கோர்ஸ் ஒன்றில் சேர்ந்து, ஒருவழியாக முடித்தும் விட்டேன். முதல் வாரத்தைத் தள்ளிவிட்டே பார்க்கலாம். கராஜில் தொடங்கிக் கோடீஸ்வரர் ஆன கதைகள்தான், கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவை.

இரண்டாவது வாரம் பிசினஸ் மாடல் கேன்வாஸ், அதாவது ஒரு தொழில் எப்படி நடக்கும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்க ஆஸ்டர்வால்டர் என்பவர் உருவாக்கிய படிவம். வாடிக்கையாளர் யார், அவருக்கு என்ன பயன், எந்த வழியில் போய்ச் சேரும், செலவு என்ன, வரவு என்ன என்று மொத்தம் 9 கட்டங்கள். நான் கையால் தைத்து விற்கும் நோட்டுகளை வைத்து அரை மணி நேரத்தில் நிரப்பிவிட்டேன். இவ்வளவு சுலபமாக நிரம்புகிறதே என்று அப்போது சந்தேகம் வரவில்லை.

மூன்றாவது வாரத்தில்தான் வசமாக மாட்டினேன். முன்பின் தெரியாத 10 பேரிடம் பேசிவிட்டு வரச் சொன்னார்கள், ஆனால் "இதை வாங்குவீர்களா?" என்று மட்டும் கேட்கக் கூடாதாம், ஏனென்றால் முகத்துக்கு நேரே யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். கடைசியாக நோட்டு எப்போது வாங்கினீர்கள், ஏன் அதை எடுத்தீர்கள் என்றுதான் கேட்க வேண்டும். கேட்டேன். அட்டையின் அழகைப் பற்றி ஒருவர்கூட வாயே திறக்கவில்லை, விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று நான்கு பேர் சொன்னார்கள். நான் ராத்திரி கண்விழித்துச் செய்ததெல்லாம் அட்டை!

அப்புறம் கணக்கு. ஊசி, கத்தி, கிளாம்ப் என்று ஒருமுறைச் செலவு 2400. ஒரு நோட்டின் விலை 60, காகிதமும் நூலும் அட்டையும் சேர்த்து 36, மிச்சம் 24. அப்படியானால் 100 நோட்டு விற்றால் போட்டது திரும்பிவிடும் என்று ஜம்பமாக எழுதி அனுப்பினேன். "உங்கள் உழைப்புக்குக் கூலி எங்கே?" என்று ஒரே வரியில் பதில் வந்தது. நோட்டுக்கு 20 என்று குறைவாகத்தான் போட்டேன், மிச்சம் 4 ஆகி, 100 நோட்டு 600 ஆகிவிட்டது. இந்த ஒரு வரிக்காகவே கோர்ஸுக்குக் கொடுத்த பணம் தகும்.

அதோடு சரி. கடைசி இரண்டு வாரமும் முதலீட்டாளர் முன்னால் எப்படிப் பேசுவது, ஸ்லைடில் எந்த எழுத்துரு என்று ஓட்டினார்கள். முதலீட்டாளரை நாங்கள் எங்கே போய்ப் பார்ப்பது? எனக்கும் என் நண்பனுக்கும் அச்சு அசலாக ஒரே பாராட்டு வந்தது, நாங்கள் எழுதி அனுப்பிய இரண்டையும் யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். லாபம் வேறு, கையில் இருக்கும் காசு வேறு என்பதற்கு ஐந்து நிமிட வீடியோதான். நான் விற்ற 40 நோட்டில் 11 இன்னும் கடனில் நிற்கிறது, அதுவும் நண்பர்களிடம், எப்படிக் கேட்பது என்று ஒரு பாடம் வைத்திருக்கலாம்.

சேர்வதாக இருந்தால் கையில் ஏதாவது ஒரு பொருளோடு சேருங்கள். வெறுங்கையோடு வந்த என் நண்பன் எல்லா எண்களையும் மனதில் தோன்றியபடி போட்டான், அவனுக்கு முதல் மாதமே லாபம் வந்துவிட்டது.